எல்லா ஜோடிக்கும் பத்துக்குப் பத்து

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், கஸ்டமர் கிராக் போட்டுத் தரச் சொன்னா இன்னா சார் பண்றது?" கேட்கும்போதே உதட்டில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் கத்துவேன் என்று எவனோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பான். நானும் அவர்களை ஏமாற்றாமல் கத்துவேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு 'ஒரிஜினல் சார்' என்று பெயர். மரியாதையாக வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் டீக்கடைப் பக்கம் திரும்பினாலே, "ஒரிஜினல் வராரு, ஒரிஜினல் பால்ல போடுப்பா" என்பார்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் எங்கள் கடை. கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர், கத்திரிக்காய் வாங்கிவிட்டுக் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி, "கூடவே எல்லா சாப்ட்வேரும் போட்டுக் குடுத்துருங்க" என்பார். அது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள், கிராக் என்று பூட்டை உடைத்துப் போட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்று நான் ஆரம்பிப்பேன். நான் முடிப்பதற்குள் அவர் எதிர்க்கடையில் உட்கார்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருப்பார். எதிர்க்கடைக்காரன் அங்கிருந்தே எனக்குக் கும்பிடு போடுவான். படுபாவி!

சட்டத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதனால் ஒரு கல்யாணத்தைப் பற்றி எழுதுகிறேன். இந்தத் தொழிலில் என் மூளையை ரொம்பப் பிழிந்தெடுத்தது அந்தக் கல்யாணம்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏகாம்பரம் என்று ஒரு சோசியர். 'கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம்' என்று போர்டு வைத்திருந்தார். மானிட்டரின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்குக் கீபோர்டுக்கும் தாராளமாகச் சந்தனம் தெளிப்பார். மறுநாள் பாதி எழுத்துகள் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பாது. சுரண்டி எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார். அப்படிப் போன ஒருநாள்தான், அவர் ஜாதகம் பார்க்கிற சாப்ட்வேர் பூட்டு உடைத்த திருட்டுக் காப்பி என்று கண்டுபிடித்தேன். மருமகன் சென்னையிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்ததாம். வழக்கம்போல் கத்தினேன்.

"ஏன் சார் கத்துறீங்க? நான் யாரு வூட்ல பூந்து எடுத்தேன்?" என்றார் ஏகாம்பரம், சாந்தமாக. "காப்பிதானே சார். அவன்கிட்ட இருந்தது அவன்கிட்டயே பத்திரமா இருக்குது. ஒண்ணுமே கொறயலியே. இதுல திருட்டு எங்கேந்து வந்துது?"

இதற்குச் சட்டப்படி பதில் என்னிடம் இருந்தது. அவர் வாயை அடைக்கிற பதில் இல்லை. சந்தனத்தைச் சுரண்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏகாம்பரத்துக்குக் கைராசிக்காரர் என்று பெரிய பேர். உளுந்தூர்பேட்டையிலிருந்தும் வருவார்கள், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலிருந்தும் இறங்கி வருவார்கள். காரணம் வேறொன்றுமில்லை. மற்ற சோசியர்கள் பத்துப் பொருத்தத்தில் ஆறு தேறினாலே பெரிய விஷயம் என்பார்கள். ஏகாம்பரத்தின் கம்ப்யூட்டரோ யாரைப் போட்டாலும் பத்துக்குப் பத்து என்றது. சுற்றுவட்டாரத்தில் தட்டிப்போன வரன்கள் எல்லாம் அவரிடம் வந்து தேறிப் போயின. அவரும் ஏமாற்றுகிற ஆள் இல்லை. தன் குருவருள்தான் கம்ப்யூட்டருக்குள் இறங்கி வேலை செய்கிறது என்று மனதார நம்பினார்.

எங்கள் கடையில் தேன்மொழி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். கெட்டிக்காரி. சாப்ட்வேர் போடுவது, பிரிண்டர் பிரித்து மாட்டுவது எல்லாம் அவள்தான். மலைமேல் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துவர வெள்ளிமலை பஸ்ஸில் அடிக்கடி போவாள். அங்கே ரிப்பேர் ஜாஸ்தி என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் சரவணன் என்று ஒரு கண்டக்டர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் காதல் விஷயத்தைச் சொல்லாமல், தரகர் மூலமாக வந்த வரன் மாதிரியே ஜோடித்து, ஏகாம்பரத்திடம் பத்துக்குப் பத்தும் வாங்கிவிட்டார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் பார்த்தாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஊருக்கு வந்தார்கள். ஒருவர் மேனேஜர், இன்னொருவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிற இளைஞர். திருட்டுக் காப்பி எங்கெங்கே ஓடுகிறது என்று பார்க்கிற வேலை. உள்ளூரில் அவர்கள் சரக்கை விற்கிற ஒரே பைத்தியக்காரன் நான் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் சோசியர் கடை வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர்கள் வாடிக்கையாளர்கள் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

இளைஞர் மாப்பிள்ளை என்று தன் பிறந்த நேரத்தைக் கொடுத்தார். பெண் என்று மேனேஜரின் பிறந்த நேரத்தைக் கொடுத்தார், பெயரை மட்டும் மாற்றி. அவர்கள் இருவருக்கும் வழியெல்லாம் சண்டை. ஊருக்குள் வந்து இறங்கும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏகாம்பரம் தட்டினார். பிரிண்டர் பூ பார்டர் போட்டு கலரில் துப்பியது. பத்துக்குப் பத்து.

"தம்பி, இந்தப் பொண்ண மட்டும் வுட்றாதீங்க," என்றார் ஏகாம்பரம், கண் கலங்க. "ஏழேழு சென்மத்துக்கும் இதுமாரி அமையாது. இன்னிக்கே பேசி முடிச்சிருங்க."

மேனேஜருக்கு இருமல் வந்துவிட்டது. வாசலில் நின்ற நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, சட்டம் சொல்லி, கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்கள். இளைஞர் எனக்கு விளக்கினார். சாப்ட்வேரைத் திறக்கும்போது அது தனக்குத்தானே 'லைசென்ஸ் இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும். பூட்டை உடைத்தவன், அந்தக் கேள்விக்கு எப்போதும் 'இருக்கிறது' என்றே பதில் வருகிற மாதிரி மாற்றியிருக்கிறான். அவசரக் குடுக்கை, பக்கத்தில் இருந்த மற்றக் கேள்விகளையும் சேர்த்து மாற்றிவிட்டான். கணப் பொருத்தம் இருக்கிறதா? இருக்கிறது. ரஜ்ஜுப் பொருத்தம்? அதுவும் இருக்கிறது. எதைக் கேட்டாலும் இருக்கிறது.

கேஸ் போடாமல், ஏகாம்பரத்திடம் இனி ஒழுங்காக வாங்கிப் பயன்படுத்துகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, திருட்டுக் காப்பியை அழித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷர்கள். ஆனால் விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. ஊரே அல்லோலகல்லோலம். ஏகாம்பரத்திடம் பொருத்தம் பார்த்துக் கட்டிய கணவர் ஒருவர், "அதான் பாத்தேன்!" என்று பெருமூச்சு விட்டாராம். அவர் மனைவி, "பத்து வர்ற மூஞ்சா இதுன்னு எனக்கு மொத நாளே சந்தேகம்தான்" என்றாளாம். அதுவரை எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதாகக் கேள்வி.

தேன்மொழியின் அப்பா ராமலிங்கம் இதைக் கேட்டு நேரே எங்கள் கடைக்கு வந்தார். கரும்பு விவசாயி. சர்க்கரை ஆலை கொடுக்கிற ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டி மூன்று தரம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அங்கே வேலை பார்க்கிறவர்கள் அவரைப் பார்த்தால் சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்துவார்கள். அவர் வந்தபோது ஏகாம்பரமும் என்னிடம் புலம்பிக்கொண்டு கடையில்தான் இருந்தார்.

"களவாண்ட பொருள்ல பாத்த பொருத்தம் என் வூட்டுக்கு வாணாம் சார்," என்றார் ராமலிங்கம்.

"காப்பிதாங்க அது. ஒண்ணும் கொறயல..." என்று ஏகாம்பரம் பழைய பாட்டைப் பாடினார்.

ராமலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளிமலை பஸ்ல டிக்கெட் எடுக்காம ஏறி உக்காந்துக்கினு போனா, பஸ்ஸுல இன்னாய்யா கொறயுது? சீட்டு கொறயுதா, சக்கரம் கொறயுதா? அப்பறம் எதுக்கு எறக்கி வுட்றான்?"

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். எத்தனையோ வருடமாக நான் தேடிய பதில்! ராமலிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அந்த ஆசை போய்விட்டது. "நாளைக்குக் காலைல மாப்ள வூட்டுக்காரங்களயும் கூட்டியாரேன். நீங்கதான் ஊருக்கே ஒரிஜினல். உங்க ஒரிஜினல்ல போட்டுப் பாருங்க. தேறுச்சின்னா கல்யாணம். இல்லாட்டி வெத்தல பாக்கு திரும்பிரும்." சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் போனதும் தேன்மொழி என் மேஜைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சார், நம்ம டெமோ சிஸ்டத்துல ஒரிஜினல்ல நான் போட்டுப் பாத்துட்டேன்."

"எத்தனைம்மா?"

"மூணு சார்."

மூன்று என்றால் ராமலிங்கம் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்.

"சோசியரு மருமவன்கிட்ட அந்தத் திருட்டுக் காப்பி இன்னும் இருக்குது சார்," என்றாள், குரலை இறக்கி. "நாளைக்கு ஒரே ஒருக்கா நம்ம சிஸ்டத்துல போட்டுப்போம். அவுங்க போனதும் அழிச்சிரலாம். என் வாழ்க்க சார். உங்களக் கையெடுத்துக் கும்புட்றேன்."

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நாளைக்கு உங்களையும் யாராவது இப்படிக் கேட்பார்கள். கேட்கிறவர் கெட்டவராக இருக்கமாட்டார். காரணமும் கெட்டதாக இருக்காது. திருட்டுக் காப்பியால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு பெண்ணின் வாழ்க்கை பிழைக்கும் என்றால் எவனுக்குத்தான் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று தோன்றாது? எனக்கும் தோன்றியது. ஆனால் நாளைக்கு நான் போடப்போவது பூட்டு உடைத்த காப்பி மட்டுமில்லை. ராமலிங்கம் என்னை நம்பி வருகிறார், அவர் கண்ணெதிரே நான் பொய்யை ஓட்டிக்காட்ட வேண்டும். என்னால் முடியாது என்று சொன்னேன். அவள் போய், கஸ்டமருக்குக் காட்ட வைத்திருந்த டெமோ சிஸ்டம் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அழுகிறாளோ என்று அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி, "ஒரிஜினல் அரிசிதான், சாப்புடுங்க" என்றாள். அவளுக்கும் கிண்டல்தான்.

மறுநாள் காலையில் கடை நிறைந்துவிட்டது. ராமலிங்கம் வந்தார். மாப்பிள்ளை சரவணனும், அவன் அம்மா அஞ்சலையும் திருநாவலூரிலிருந்து வந்தார்கள். கூப்பிடாமலே ஏகாம்பரமும் வந்தார். தேன்மொழி பிரிண்டருக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். நான் டெமோ சிஸ்டத்தை ஆன் செய்யப் போனேன்.

"அது வாணாம் சார்," என்றார் ராமலிங்கம். "அதுல யாரு யாரு கை வெச்சாங்களோ. சீல் பிரிக்காத டப்பா ஒண்ணு எடுங்க. நானே காசு குடுத்து வாங்கறேன். என் கண்ணெதிர பிரிச்சிப் போடுங்க."

என் வாழ்க்கையில் ஜாதக சாப்ட்வேரை இவ்வளவு ஆவேசமாக ஒருவர் கேட்டு வாங்கியதில்லை. டப்பாவை அவர் கையிலேயே கொடுத்தேன். நெய் டின் பார்க்கிற மாதிரி நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து, நகத்தால் அவரே சீலைக் கிழித்தார். புதுக் கம்ப்யூட்டரில் போட்டேன். திரை முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து வந்தது. கீழே இரண்டு பட்டன்கள். 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை'. பழக்க தோஷத்தில் என் கை 'ஏற்கிறேன்' பக்கம் போனது.

"இருங்க இருங்க. இன்னாது அது, பொடி எழுத்து?" என்றார் ராமலிங்கம்.

"நிபந்தனைங்க. வாங்கறவங்க ஒத்துக்கினாத்தான் உள்ள போகும்."

"வாங்கனது நானு. நீங்க பாட்டுக்குத் தட்டறீங்க? படிங்க."

படித்தேன். ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றது. "நாயம்" என்றார். பிரதி எடுத்துப் பிறருக்குத் தரக்கூடாது என்றது. "நாயம்" என்றார், ஏகாம்பரத்தைப் பார்த்து. நிபந்தனைகளை ஏற்க விரும்பாதவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்றது. "ரொம்ப நாயம்." அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அஞ்சலையம்மா கொட்டாவி விட்டார். சரவணன் நின்றபடியே பஸ்ஸில் ஆடுகிற மாதிரி ஆடினான். நானும் எவ்வளவு மெதுவாகப் படிக்கலாமோ அவ்வளவு மெதுவாகப் படித்தேன். முடிந்தால் மூன்று வந்துவிடுமே என்ற பயம்.

அப்போதுதான் அந்த வரி வந்தது. "இம்மென்பொருளின் கணிப்புகளுடைய உண்மைத்தன்மைக்கோ, அவற்றை நம்பி மேற்கொள்ளப்படும் திருமணம் உள்ளிட்ட எந்த முடிவுக்குமோ நிறுவனம் எவ்வகையிலும் பொறுப்பாகாது."

ராமலிங்கம் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இன்னொருக்காப் படிங்க," என்றார் ராமலிங்கம். படித்தேன்.

"அடப்பாவி! செஞ்சவனே கையக் கழுவிட்டானா?"

"அது சும்மாங்க," என்று ஏகாம்பரம் முன்னால் வந்தார். "வக்கீலுங்க எழுதறது. தட்டிட்டு உள்ள போங்க."

"யோவ், உன் கம்ப்யூட்டர்ல இது இருந்துதா?"

"என்னுதுல இந்தப் பக்கமே வராதுங்க. நேரா உள்ள போயிரும்."

"வராதுதான்! பூட்ட ஒடச்சிக்கினு பூந்தா வாசல்ல எழுதியிருக்கறது எப்டி தெரியும்?" ராமலிங்கம் மூச்சு வாங்கினார். "வெத மூட்டைல 'மொளச்சாலும் மொளைக்கும், மொளைக்காட்டி எங்களக் கேக்காத'ன்னு போட்டிருந்தா நான் வாங்குவனா? பொண்ணு வாழ்க்கைக்கு மட்டும் வாங்கணுமா? இதுக்கு நான் ஒத்துக்கணுமா? மாட்டேன்!"

சொல்லிவிட்டு மவுஸை என் கையிலிருந்து பிடுங்கினார். அவருக்கு மவுஸ் பழக்கமில்லை. அம்புக்குறி திரை முழுக்க ஓடியது. எங்கே தெரியாமல் 'ஏற்கிறேன்' மேல் விழுந்துவிடுமோ என்று நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருவழியாக 'ஏற்கவில்லை' மேல் வைத்து ஓங்கி அழுத்தினார். 'நிறுவல் ரத்து செய்யப்பட்டது. நன்றி' என்று எழுதிவிட்டுத் திரை மூடிக்கொண்டது.

"சரி, போட்டுக் காட்டுங்க," என்றார் அப்போதுதான் விழித்துக்கொண்ட அஞ்சலையம்மா.

"இனிமே முடியாதும்மா. ஒத்துக்காம அதப் பயன்படுத்தினா சட்டப்படி தப்பு," என்றேன். இந்த வாக்கியத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஊரே மரியாதையாகக் கேட்டது.

"அப்ப கல்யாணத்துக்கு இன்னா வழி அண்ணே?" என்று ராமலிங்கத்தைக் கேட்டார் அஞ்சலையம்மா. "எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்குது. பெட்டி சொல்லித்தான் புடிக்கணுமா?"

ராமலிங்கம் தாடையைத் தடவிக்கொண்டு சரவணன் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் உன் பஸ்ல டிக்கெட் எடுக்காம வந்தா இன்னா பண்ணுவ? மாமனாருன்னு சும்மா வுட்ருவியா?"

அது எப்படிப்பட்ட கேள்வி என்று சரவணனுக்குத் தெரியும். "வுடமாட்டேங்க," என்றான். "என் கைக்காசப் போட்டு டிக்கெட்டக் கிழிச்சி உங்க கையில குடுத்துருவேன். டிக்கெட் இல்லாம மட்டும் வண்டி நகராதுங்க."

ராமலிங்கம் முதல்முறையாகச் சிரித்தார். மகளைப் பார்த்தார். "இன்னாம்மா, உனக்குச் சம்மதமா?" அதுவரை அவளிடம் யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை.

"சம்மதம்பா," என்றாள் தேன்மொழி. வாய் சொல்வதற்குள் தலை ஆடிவிட்டது.

அஞ்சலையம்மா குங்குமம் எங்கே என்று கேட்டு, சாமி படத்துக்கு முன்னாலிருந்த டப்பாவையே எடுத்து மருமகள் நெற்றியில் வைத்தார். ஏகாம்பரம் தானாகவே நல்ல நேரம் சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. ராமலிங்கம் மட்டும் மறக்காமல் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ஒத்துக்காத பொருள வெச்சிக்கினா அதுவும் திருட்டுதானே சார்? திருப்பிக் குடுத்தா காசு குடுக்கணும்னு நீங்கதான் படிச்சீங்க." அந்த மாதம் நான் விற்ற ஒரே ஒரிஜினல் அது. திருப்பி வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு தேன்மொழி டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா மட்டும் டெமோவே போதும்னு சொல்லியிருந்தா இன்னாம்மா ஆகியிருக்கும்?" என்றேன். "டெமோவுல ஏற்கெனவே ஒத்துக்கினு போட்டாச்சு, அந்தப் பக்கமே வராதே. நேரா மூணு வந்து நின்னிருக்கும். சீல் பிரிக்காத டப்பா கேக்கணும்னு அவருக்கு எப்படித்தான் தோணுச்சோ!"

அவள் திரும்பாமலே சொன்னாள்: "அவருக்குத் தோணல சார். நேத்து நீங்க மாட்டேன்னு சொன்னப்புறம் டெமோவுல 'உதவி'க்குள்ள போயி, அந்தப் பக்கத்தத் தேடி எடுத்து முழுசாப் படிச்சேன். வூட்டுக்குப் போயி, 'கடைல வெச்சிருக்கறதுல எல்லாரும் கை வெப்பாங்கப்பா, சீல் பிரிக்காததக் கேளு'ன்னு நான்தான் சொன்னேன். எங்கப்பா எதையும் படிக்காம கையெழுத்துப் போட மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பூட்டை உடைக்கவில்லை, ஒரு பொய் சொல்லவில்லை, பாவிப் பெண் சட்டப்படியே கல்யாணத்தை முடித்துவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அதனால் பிள்ளைகளே, கிராக் போடாதீர்கள். அந்தப் பொடி எழுத்தை ஒருமுறையாவது உட்கார்ந்து படியுங்கள். கல்யாணம் ஆகாதவர்கள் கட்டாயம் படியுங்கள்.